விருந்து என்னும் வனப்பு

செய்யுளுக்குரிய வனப்புகள் எட்டு என்று தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்தார். அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பன அவை. இவ்வெட்டனுள் தொன்மையும் விருந்தும் ஒரே வரிசையில் இடம்பெற்றிருத்தல் எண்ணி மகிழத்தக்கது. பழைமை தழுவி வருவது தொன்மை. புதுவதாகப் புனையப்படுவது விருந்து. ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்க அப்பேராசான் முற்படவில்லை. இரண்டனையும் வனப்பு என்றே கொண்டார்.

புதுமைக்கு விருந்து என்று பெயரிட்டது ஏன் என வகுப்பறையில் மாணவர் வினவுவதுண்டு. வாயிலில் வந்து நிற்கும் புதியவரையே பழந்தமிழர் விருந்து என்றனர். நாள்தோறும் வந்து செல்லும் உறவினர் விருந்தாகார். அறிந்தவரை வரவேற்றல் எவர்க்கும் எளிது. அறியாதவர் படியேறி வரும்போதுதான் இல்லத்தாரின் பண்பு உரைகல்லில் உரைக்கப்படுகிறது. ஒரு கலைஞர் தம் பழைய நெறியை விட்டுப் புதுநெறியில் ஒன்றைப் படைத்தளிக்கும்போது, அவர்தம் சுவைஞர் இரு கூறாகப் பிரிந்து நின்று வழக்காடுவது உலகெங்கும் காணும் காட்சி. அவ்வழக்கொன்றை எம் ஊரில் அணுகியிருந்து கண்டோம். இளையராஜாவின் 'திருவாசகம்' 2005 ஆம் ஆண்டு வெளிவந்தபோது எழுந்த வழக்கு அது. அதனைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

தேநீர்க் கடைக் கேள்வியர்

எம். புதுப்பட்டி சிவகாசியை அடுத்த சிற்றூர். விடியற்பொழுதில் பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் அச்சகங்களுக்கும் ஆட்கள் புறப்படுவர். மருந்து புழங்கும் அறைகளுக்குள் கைப்பேசி ஆகாது; தீப்பொறி எழுப்பும் எதுவும் ஆகாது. பகலெல்லாம் அடங்கியிருக்கும் பேச்சும் பாட்டும் மாலையில் தேநீர்க் கடையில்தான் வாய் திறக்கும்.

அக்கடையில் எம்மோடு அமர்ந்து பாட்டுக் கேட்டோர் மூவர். ஒருவர் சிவகாசியில் ஆப்செட் இயந்திரம் ஓட்டியவர். அவரை யாம் அண்ணாச்சி என்று அழைப்போம். 1976 இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அவர் மீசை அரும்பிய பருவத்தினர். இளையராஜாவைத் தம் ஊர்க்காரர் போலவே கருதிப் பேசுவார். மற்றொருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நீறணிந்த சைவர், ஊரார்க்கு அவர் புலவர் ஐயா. மூன்றாமவர் இளைஞர், பகலில் பட்டாசு ஆலைத் தொழிலாளி, முகூர்த்த நாள்களில் திருமண மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசிப்பவர். அவரைத் தம்பி என்றே குறிப்போம். யாம் அப்போது எம்.பில். பட்ட ஆய்வில் இருந்தோம்.

எம் பெயரைக் கேட்டவர் எம்மை உசாவாமலே ரகுமான் கட்சியில் சேர்த்துவிடுவர். 1992 இல் 'ரோஜா' வந்த பின்னர்த் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் இரு கட்சிகளாகப் பிரிந்தன என்பது பலரும் அறிந்ததே. "பாய் வீட்டுப் பிள்ளை, வேற எந்தப் பக்கம் இருக்கும்?" என்று அண்ணாச்சி நகைப்பார். உண்மையில் எம் இல்லத்து வழக்கு அதனினும் பழையது. இசை கூடுமா கூடாதா என்னும் வழக்கு அது. எம் அத்தா, நாகூர் ஹனிபா அவர்களின் பாடல் வந்தால் வானொலியின் ஒலியைக் கூட்டுவார். ஏனைய பாடல்கள் வந்தால் குறைப்பார். அணைத்துவிடமாட்டார். அவ்வாறு குறைக்கப்பட்ட ஒலியில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதே எம் இளமைக் கேள்வி. எனவே எக்கட்சியிலும் பிறப்புரிமை எமக்கில்லை. அதனால்தானோ என்னவோ, மூவர் வழக்கையும் அமைதியாகக் கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று.

பாட வாராத ஒலிநாடா

2005 ஆம் ஆண்டின் வழக்கை அறிய 1986 க்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டில் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்னும் ஒலிநாடாவை வெளியிட்டார். திருவையாற்றுத் தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். வி. எஸ். நரசிம்மன் வயலின் வாசித்தார். திரைப்படம் இல்லை; பாடகர் இல்லை; பாடல் வரியும் இல்லை. கருநாடக இசையின் இராக அமைப்பும், பல இழைகளை ஒருங்கு பின்னும் மேலை இசையின் முறையும் ஓரிடத்தில் சந்தித்தன. 1988 இல் அரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது.

அண்ணாச்சி அம்முதல் ஒலிநாடாவை அந்நாளிலேயே வாங்கியவர். "ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் தம்பி. ஒருத்தரும் பாட வரலை" என்று அவர் சொல்லும்போது கடையே சிரிக்கும். அவர்தம் ஏமாற்றம் போலியன்று. வாரக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது அது. இன்னொரு செய்தியையும் அவரே சொன்னார். பாலு மகேந்திராவின் 'வீடு' திரைப்படம் 1988 இல் வெளிவந்தது. எளிய நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஒரு வீடு கட்ட முயன்று படும் பாடே அதன் கதை. அப்படத்தின் பின்னணிக்குப் பாலு மகேந்திரா அவ்வொலிநாடாவின் இசையையே எடுத்தாண்டார். பின்னாளில் தொலைக்காட்சியில் அப்படத்தைக் கண்ட அண்ணாச்சி, தாம் ஒதுக்கி வைத்த இசை அது என்பதை இனங்கண்டு, பெட்டியிலிருந்து ஒலிநாடாவைத் தேடி எடுத்தாராம். கட்டி முடியாத சுவர்களின் நடுவே கேட்டபோது அவ்விசைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. சொல்லற்ற இசைக்கு அவர் கேட்டது பாடகரை அன்று. உட்கார ஒரு திண்ணையை.

அவ்வொலிநாடாவின் ஒரு பகுதிக்கு, 'ஒப்பிடாதே' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இளையராஜா சூட்டியிருந்தார். சுவைஞர் முதற்கண் செய்ததோ ஒப்பிடுதலே. இன்றளவும் அதுவே நடக்கின்றது.

ஆறு பகுதிகளின் வருகை

இனித் திருவாசகத்துக்கு வருவோம். அருட்தந்தை ஜெகத் கஸ்பரின் தமிழ் மையம் அதனை வெளியிட்டது. அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கிலப் பகுதிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்சு எழுதினார். பெரும்பகுதியை இளையராஜாவே பாடினார். அதன் வடிவம் மேலைநாட்டார் 'ஒரட்டோரியோ' என வழங்குவது. நடிப்பும் காட்சியும் இன்றி, தனிக்குரலும் சேர்ந்திசைக் குரல்களும் பெரும் இசைக்குழுவும் கூடிச் சமயப்பொருளைப் பாடுவது. ஏந்தலின் 'மெசையா' 1742 இல் டப்ளின் நகரில் அரங்கேறியது இவ்வடிவத்திற்குப் புகழ்பெற்ற சான்று.

திருவாசகம் 51 பகுதிகளை உடையது. அவற்றுள் திருக்கோத்தும்பி, சிவபுராணம், யாத்திரைப் பத்து, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து ஆகிய ஆறனிலிருந்து ஆறு பாடல்கள் அமைந்தன. சிவபுராணப் பகுதி மட்டுமே இருபது நிமிட அளவு நீள்வது. அதில்தான் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வருகின்றன.

தம்பி குறுந்தகட்டை வாங்கி வந்தார். கடைக்காரர் இசைவளித்தார். முதல் மாலையிலேயே வழக்கு தொடங்கிற்று.

புலவர் ஐயாவின் மறுப்பு மரபு பற்றியது. திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுதல் ஓதுவார் மரபு. சொல்லே முதன்மை, இசை அதனைச் சுமந்து செல்லும் தோணி. இங்கோ தோணியே ஆற்றை மறைத்து நிற்கிறது என்றார் அவர். "உருகுவதற்கு எழுபது வயலின் எதற்கு? ஒரு குரல் போதும்" என்றார். ஆங்கிலம் ஊடே வருவதை அவரால் ஏற்கவே முடியவில்லை. போப்பையர் 1900 இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தாரே என யாம் நினைவூட்டினோம். "அவர் தனி நூலாகப் பெயர்த்தார். மூலத்தின் நடுவே போய் உட்காரவில்லை" என்று விடையிறுத்தார். அவ்விடையில் இருந்த கூர்மையை யாம் இன்றும் மறுக்க வல்லேம் அல்லேம்.

அண்ணாச்சியின் மறுப்போ வேறு. அவருக்கு மரபைப் பற்றிய கவலை சிறிதும் இல்லை. "எங்க ராஜா எங்கே?" என்பதே அவர் வினா. வயலும் வரப்பும் மணக்கும் மெட்டு, தபேலாவின் துள்ளல், மேடையில் பாடினால் கூட்டமே சேர்ந்து பாடும் பல்லவி ஆகியவற்றைத் தந்தவர் ஏன் இப்படித் தொலைவாகப் போய்விட்டார் என்று வருந்தினார். சினத்தினும் மிகுதியாக அவரிடம் இருந்தது தனித்து விடப்பட்டவரின் துயரம்.

தம்பி ஒருவரே முழுமையாக ஏற்றார். கீபோர்டு வாசிப்பவராதலின் பல இழைகளையும் பிரித்தறிவார். "அண்ணாச்சி, கீழே செல்லோ ஒரு பாட்டுப் பாடுது, மேலே வயலின் வேற ஒண்ணு பாடுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அமுக்கலை, கேளுங்க" என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். "எனக்கு ஒரு பாட்டுத்தான் கேட்குது. அதுவும் பிடிக்கலை" என்பார் அண்ணாச்சி.

இங்கு நான்காம் வகையினர் சிலரையும் குறிப்பிடல் வேண்டும். அவர்கள் அதனைக் கேட்டதே இல்லை. ஆயினும் உலகத்தரம் என்று புகழ்ந்தனர். அல்லது ஆடம்பரம் என்று இகழ்ந்தனர். கேளாதார் குரலே கடையில் ஓங்கி ஒலித்தது. 1993 இல் இளையராஜா இலண்டன் இராயல் பில்ஆர்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒலிப்பதிவு செய்த சிம்பொனி வெளிவரவே இல்லை. வெளிவராத அதன் தரத்தைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்களுக்கு, வெளிவந்த ஒன்றைக் கேளாமல் வழக்காடுவது அரிய செயலாகாது.

குதிரைக்குக் கொடுத்த பொருள்

ஒருநாள் வழக்கு முற்றியது. கடுஞ்சொற்கள் பிறந்தன. சினிமாப் பாட்டுக்காரனுக்கு என்ன தெரியும் என்று புலவர் ஐயாவும், பூசைக்கு மணியாட்டுகிறவருக்குப் பாட்டில் என்ன வேலை என்று அண்ணாச்சியும் பேசிவிட்டனர். இருபதாண்டு நட்பு அன்று அறுந்தது. ஒரே கடையில் இருவரும் எதிரெதிர் முனைகளில் அமரத் தொடங்கினர். ஓர் இசைத்தட்டு நண்பரைப் பிரிக்குமா என்று வியப்போர் வியக்கலாம். பிரித்தது இசைத்தட்டன்று. ஒவ்வொருவரும் தம் வாழ்நாளின் ஒரு பகுதியை அவ்விசையில் வைப்புநிதியாக இட்டிருந்தனர். அதனை எவரோ எடுத்துச் செலவிட்டுவிட்டதாக இருவருமே எண்ணினர்.

மாணிக்கவாசகர் வரலாறே இதற்கு விளக்கமாக அமைகின்றது. பாண்டியன், குதிரை வாங்கி வருமாறு பொருள் கொடுத்துத் தம் அமைச்சரை அனுப்பினான். அவரோ திருப்பெருந்துறையில் ஞானம் பெற்று, அப்பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது புராணம். பக்தர் உள்ளம் அமைச்சர் பக்கமே சாயும். ஆயினும் அரசன் பக்கமும் ஒரு நீதி உண்டன்றோ? அவன் கேட்டது குதிரை. கொடுத்தது குதிரைக்குரிய பொருள். கிடைத்தது கோயில். அண்ணாச்சியின் நிலையும் இதுவே. முப்பதாண்டுகளாகத் தம் அன்பைக் குதிரைக்கென்று கொடுத்துவந்தவர், கோயிலைக் கண்டு திகைத்தார். கோயில் உயர்ந்ததாகவே இருக்கலாம்; கேட்டது வரவில்லையே என்னும் குறை பொய்யாகிவிடுவதில்லை.

அதே வேளையில் கலைஞர் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர். நாட்டுப்புற மெட்டைத் திரைக்குக் கொணர்ந்தபோது அதுவே ஒரு விருந்து. இன்று அண்ணாச்சி 'எங்க ராஜா' என்று போற்றும் பழைமை, 1976 இல் வாயிலில் வந்து நின்ற புதுமை. அன்று அதற்குக் கதவு திறந்தவர் அவர். திறந்த கதவைத் தாமே காவல் காக்கத் தொடங்கியதுதான் காலம் செய்த விந்தை.

எம் பகுதித் தொழிலிலும் இதற்கோர் இணை உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இசைவளித்தது. பழைய முழக்கம் எங்கே என்று வாங்குவோர் கேட்டனர். அங்கே மாற்றம் ஆணையால் வந்தது; பலர் பிழைப்பையும் அசைத்தது. கலையில் ஆணையிடுவார் எவருமிலர். எவரும் கேட்காமலே தம் கலவையை மாற்றிப் பார்ப்பவர் கலைஞர். வணிகர்க்கு இல்லாத அத்துணிவுக்கு உரிய விலையை அவரே கொடுக்கின்றார்.

கடல் கடந்த வழக்கு

இவ்வழக்கு தமிழர்க்கே உரியதன்று. 1965 சூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் பாப் டிலன் மின்கித்தாருடன் மேடையேறியபோது, அவரைக் கொண்டாடியவர்களுள் ஒரு சாராரே கூச்சலிட்டனர். அண்மைச் சான்றொன்றை எம் துறை மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தோம். அவர் காதில் எப்போதும் பேரிரைச்சலாக ஏதோ ஒலிக்கும். உசாவியபோது, அது சுவீடன் நாட்டு ஓபத் குழுவின் இசை என்றார். 'புரோகிரசிவ் மெட்டல்' என்பது அவ்வகைக்குப் பெயர். மின்கித்தாரின் வல்லோசையும், பத்து நிமிடங்களுக்கும் நீளும் பல்பகுதி அமைப்பும் அதன் இயல்புகள். அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல் குரலுக்கு அக்குழு பெயர் பெற்றது. 2011 இல் 'ஹெரிடேஜ்' என்னும் தொகுப்பில் அவ்வுறுமலை முற்றும் கைவிட்டு, 1970களின் இசைப்பாங்குக்குத் திரும்பினர். சுவைஞர் இரண்டாயினர். உறுமல் இல்லையேல் ஓபத் இல்லை என்றனர் ஒரு சாரார். உறுமல் வெறும் ஆடை, இசை உள்ளே இருக்கிறது என்றனர் மற்றொரு சாரார். அடுத்து வந்த மூன்று தொகுப்புகளிலும் உறுமல் இல்லை. 2024 நவம்பரில் வெளிவந்த தொகுப்பில்தான், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டது.

"நீ எக்கட்சி?" என்று அம்மாணவரை வினவினோம். "முதல்ல எனக்கும் பிடிக்கலைங்க ஐயா. ஆனா அந்த உறுமாத தொகுப்பு வழியாத்தான் எங்க அக்காவும் கேட்க ஆரம்பிச்சாங்க" என்றார். எமக்கு அவ்விடை பிடித்திருந்தது. ஒருவர்க்கு மூடிய கதவாகத் தோன்றியது பிறிதொருவர்க்கு நுழைவாயிலாயிற்று. அண்ணாச்சியும் ஓபத் சுவைஞரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். எனினும் ஒரே தேநீர்க் கடையில் அமர்த்தினால் ஒருவரையொருவர் நன்கு விளங்கிக்கொள்வர்.

நம் புலவர் அழைத்த விருந்து

இத்துறை மலரைப் படிக்கும் மாணவர்க்கு மற்றொன்றும் சொல்லுதல் கடன். இசுலாமியத் தமிழ் இலக்கியம் முழுமையுமே ஒருவகையில் விருந்து என்னும் வனப்பின் வரலாறு. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகிய வடிவங்கள் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்து தமிழில் குடியேறின. 1572 ஐச் சேர்ந்த ஆயிர மசலா, வினா விடையாகச் சமயப்பொருளைத் தமிழ்ச் செய்யுளில் தந்தது. 'மசலா' என்னும் பெயரே அன்றைய தமிழ்ச் செவிக்கு எத்துணைப் புதிதாக ஒலித்திருக்கும்!

உமறுப் புலவரோ மறுதலையாகச் செய்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடிய அவர், அரபு மண்ணைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி ஆறும் வயலும் உடைய நாடாகப் புனைந்தார். பாலை மணலில் மருதத்தைக் கண்டார். வரலாற்றுக் கண்ணோடு நோக்குவார்க்கு அது முரண். தமிழ்க் கண்ணோடு நோக்குவார்க்கு அது விருந்தோம்பல். தொலைநாட்டு விருந்தினர்க்குத் தம் வீட்டில் சிறந்த அறையை ஒழித்துக் கொடுத்தல். குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனைக் காதலியாகப் பாவித்துப் பாடினார். சைவச் சான்றோர் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார்.

இம்மரபில் வந்த எமக்குப் புடாபெஸ்ட் நகரத்து வயலின்கள் மாணிக்கவாசகரை வாசிப்பது அயலாகத் தோன்றவில்லை. கத்தோலிக்கத் துறவி வெளியிட, அமெரிக்கர் எழுத, அங்கேரியர் வாசிக்க, சைவத் திருமறையை முசுலிம் ஒருவன் எம். புதுப்பட்டித் தேநீர்க் கடையில் கேட்டான். இதில் எவருடைய சமயமும் குறைந்துவிடவில்லை. ஆயின், அயலாகத் தோன்றாமை ஒன்று. நன்று எனத் தேர்தல் மற்றொன்று. எமக்கு அச்சப் பத்து முற்றிலும் உவந்தது. சிவபுராணத்தின் ஆங்கிலப் பகுதியில் புலவர் ஐயாவின் குறை எம் செவியிலும் ஒலித்தது. விருந்தினரை வரவேற்றல் வேறு. அவர் சொல்வதற்கெல்லாம் தலையசைத்தல் வேறு.

துக்க வீட்டில்

சில ஆண்டுகள் கழிந்தன. ஒரு கோடைநாள் முற்பகலில் எம் ஊர்ப்புறத்தே வெடியோசை கேட்டது. இவ்வட்டாரத்தில் அவ்வோசை கேட்டவுடன் பெண்கள் தெருவுக்கு ஓடி வருவர்; எந்தத் திசை என்பதே முதல் வினா. மருந்துக் கலவை அறையில் நேர்ந்த அவ்விபத்தில் தம்பி உயிரிழந்தார். மேசையில் தாளம் தட்டிய விரல்களை வீட்டார்க்குக் காட்டவும் இயலவில்லை. மூடியவாறே கொணர்ந்தனர்.

சைவக் குடும்பமாதலின் சிவபுராணம் ஓதப் புலவர் ஐயாவை அழைத்திருந்தனர். யாம் வெளிப்பந்தலில் அமர்ந்திருந்தோம். அண்ணாச்சி சட்டைப்பையில் எதையோ பற்றியவாறு வந்து, தம்பியின் தமையனார் அருகில் நின்றார். தம்பி அவர்க்கென்று படியெடுத்துக் கொடுத்திருந்த திருவாசகக் குறுந்தகடு அது. அவர் அதனை ஒருமுறையும் போட்டதில்லை. "அவனுக்குப் பிடிச்சது. ஒரு தடவை போடலாமா?" என்றார். துக்க வீட்டில் இசைக்கருவிப் பாட்டா என்று முதியோர் சிலர் முணுமுணுத்தனர். எல்லோரும் புலவர் ஐயாவின் முகத்தையே நோக்கினர். பல ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசாத இருவர் அங்கே நேருக்கு நேர் நின்றனர்.

"போடுங்கள். முடிந்ததும் நான் ஓதுகிறேன்" என்றார் புலவர் ஐயா.

இருபது நிமிடமும் அவர் கண்மூடி அமர்ந்திருந்தார். ஆங்கிலம் வந்தபோது நெற்றி சுருங்கியது, எழவில்லை. இசை ஓய்ந்த பின்னர், தொண்டையைச் செருமிக்கொண்டு, தொண்ணூற்றைந்து அடிகளையும் மோகனத்தில் ஓதினார். கருவி ஏதுமில்லை. ஒற்றைக் குரல். பந்தலில் எவரும் அசையவில்லை. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வினா அன்று எவர் உள்ளத்திலும் எழுந்திராது. அதனதன் இடத்தில் அதது நின்றது.

அதன் பின்னர் இருவர் கருத்தும் மாறிற்றோ எனின், இல்லை. அடுத்த கிழமை கடையில் புலவர் ஐயா, ஆங்கிலம் புகுந்த இடத்தில் தம் நெஞ்சு ஒட்டவில்லை என்றே சொன்னார். அண்ணாச்சி தேநீரை ஆற்றிக்கொண்டே, "எனக்கும் அது பிடிக்கலைதான் ஐயா. ஆனா அவன் சொன்னானே, கீழே ஒண்ணு, மேலே ஒண்ணுன்னு, அது அன்னிக்குத்தான் கேட்டுச்சு" என்றார். இருவரும் அன்றுமுதல் ஒரே பலகையில் அமர்ந்தனர். வழக்கு தீரவில்லை, வழக்காடுவோர் மீண்டும் நண்பராயினர். எம் நோக்கில் அதுவே பெரிது.

நிறைவாக

2025 மார்ச்சு 8 அன்று இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது.  எண்பதைக் கடந்த அகவையில் மீண்டும் ஒரு விருந்து. எம் ஊர்க் கடையில் அச்செய்தியைக் கைப்பேசியில் கண்ட இளைஞர் வழக்கம்போல் இரண்டாயினர். தமிழனின் பெருமை என்றனர் சிலர். நமக்கு இதனால் என்ன என்றனர் சிலர். இரண்டு கூற்றுமே இசையைப் பற்றியன அல்ல. இசையைப் பற்றிய வழக்கு, கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

மாணவ மணிகளே, உங்கள் காலத்தில் இன்னும் எத்தனையோ புதுவன வரும். பாட்டிலும் வரும், கவிதையிலும் வரும், ஆய்விலும் வரும். நீங்கள் போற்றும் படைப்பாளரே ஒருநாள் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றோடு வந்து நிற்பார். அவரை வாழ்த்தியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. புலவர் ஐயாவைப் போல் மறுங்கள், காரணத்தோடு மறுங்கள், முழுவதும் கேட்டு மறுங்கள். உங்களோடு உடன்படாத நண்பரை மட்டும் அதன் பொருட்டு இழந்துவிடாதீர்கள். தம்பி விரல் தட்டிக் காட்டிய அந்த இரண்டாம் பாட்டு, அவர் இருந்த நாளில் அண்ணாச்சிக்குக் கேட்டிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார் என்று யாம் எண்ணாத நாளில்லை.

வந்தவர்க்கு உவப்பான உணவு நம் அடுப்பில் இல்லாமற் போகலாம். அமர ஒரு பலகை இடுவதற்கு அது தடையாகாது.